கேளுங்க சொல்றோம்: 60 அடிச்சவருக்கா, 53 அடிச்சவருக்கா?

போன இதழ்ல ஒரு ஓரத்துல, பேஸ்பால்ல 2025 அமெரிக்கன் லீக் எம்.வி.பி. விருது, அதாவது லீகோட மதிப்பு மிக்க ஆட்டக்காரர் விருது, நியூயார்க் யாங்கீஸோட ஆரன் ஜட்ஜுக்குப் போனது சரிதான்னு ரெண்டே வரி எழுதியிருந்தேன். அவ்ளோதான் எழுதினேன். அமெரிக்கா கனடாவுல இருக்கிற நம்மாளுங்க இவ்ளோ தீவிரமா பேஸ்பால் பாக்குறாங்கன்னு இந்த வாரம் வந்த கடிதங்களப் பாத்துதான் தெரியுது, அதுல பாதிப் பேரு என்னைத் திட்டித்தான் எழுதியிருக்காங்க. சரி, இந்த வாரம் பூரா இதுக்கே வச்சுக்குவோம். சினிமா கேள்வி அனுப்பினவங்க ஒரு வாரம் பொறுத்துக்கணும்.

கே: சார், கால் ராலி ஒரு கேட்சர், நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. 60 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சாரு, 125 ரன் உள்ள கொண்டு வந்தாரு, எங்க சியாட்டில் மேரினர்ஸ் 2001க்கு அப்புறம் முதல் தடவையா டிவிஷன ஜெயிச்சுது. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னதான் பண்ணணும்? நியூயார்க்குல ஆடுறாருங்கிற ஒரே காரணத்துக்காக ஜட்ஜுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க, நீங்களும் கூட சேந்து ஜால்ரா போடுறீங்க. (பெல்வியூ வாசகர்)

ப: ஜால்ரா அப்புறம், மொதல்ல நியூயார்க் விஷயம். இந்த விருதுக்கு ஓட்டுப் போடுறது பேஸ்பால் எழுத்தாளர் சங்கம். ஒரு லீகுக்கு 30 பேரு, ஒவ்வொரு டீம் இருக்கிற ஊர்லேர்ந்தும் ரெண்டு ரெண்டு பேரு. நியூயார்க்குக்கு ரெண்டுன்னா சியாட்டிலுக்கும் அதே ரெண்டுதான். அதனால பெரிய ஊருக்காரன் ஓட்ட வாங்கிட்டாங்கிற பேச்சு இங்க எடுபடாது. ஜட்ஜுக்கு முதலிடம் குடுத்தவங்க 17 பேரு, ராலிக்கு 13 பேரு. அந்த 17 பேரும் ரெண்டாவது இடத்துல ராலியத்தான் எழுதியிருக்காங்க, இந்த 13 பேரும் ரெண்டாவதா ஜட்ஜத்தான் எழுதியிருக்காங்க. புள்ளிக் கணக்கு 355க்கு 335. அந்த 17ல ரெண்டே ரெண்டு பேரு மாத்தி எழுதியிருந்தா 345க்கு 345ன்னு சமமா முடிஞ்சிருக்கும், அவ்ளோ நெருக்கம். இதப் போயி அநியாயம்னு சொன்னா எப்படி?

இப்ப 60 கணக்குக்கு வருவோம். 60 பெரிய நம்பர்தான், யாரு இல்லேன்னா. ராலிக்கு முன்னாடி அத தொட்டவங்க பேப் ரூத், ரோஜர் மாரிஸ், மார்க் மெக்வயர், சாமி சோசா, பாரி பாண்ட்ஸ், அப்புறம் இதே ஜட்ஜ், மொத்தமே ஆறு பேரு. கேட்சரா இருந்து ஒரு சீசன்ல அதிகமா அடிச்ச ரெக்கார்ட் 48, சால்வடோர் பெரெஸ் 2021ல அடிச்சது. வலது பக்கம், இடது பக்கம்னு ரெண்டு பக்கமும் மாத்தி நின்னு ஆடுறவங்கள்ல மிக்கி மேன்டில் 1961ல அடிச்ச 54. உங்க ஊரு டீமோட ரெக்கார்ட் கென் கிரிஃபி ஜூனியரோட 56. மூணயும் ராலி ஒரே வருஷத்துல தூக்கிட்டாரு. ஆனா 60 அடிச்சா எம்.வி.பி. கைக்கு வந்துரும்னு எந்தக் காலத்துலயும் கிடையாது. ரூத் 60 அடிச்ச 1927ல விருது வாங்கினது லூ கெரிக், ஏன்னா அப்ப இருந்த விதிப்படி ஒரு தடவ வாங்கினவருக்கு மறுபடி குடுக்க மாட்டாங்க. 1998ல மெக்வயர் 70 அடிச்சாரு, 66 அடிச்ச சோசா விருத வாங்கிட்டுப் போனாரு. அந்த சோசாவே 1999ல 63, 2001ல 64 அடிச்சாரு, ரெண்டு வருஷமும் வெறுங்கைதான்.

இனி நான் ஏன் ஜட்ஜ் பக்கம்னு சொல்றேன். பேஸ்பால்ல ஒரு டீமுக்கு ஒம்போது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூணு அவுட், ஆக ஒரு மேட்சுக்கு 27 அவுட். டீமோட சொத்தே அந்த 27 அவுட்டுதான், ஒவ்வொருத்தன் பேட்டத் தூக்கிட்டுப் போகும்போதும் அதுல ஒண்ண செலவழிக்கிறானா இல்ல மிச்சம் பிடிக்கிறானாங்கிறதுதான் கேள்வி. ஜட்ஜ் பேஸுக்குப் போயிச் சேந்த விகிதம் 0.457, ராலியோடது 0.359. அதாவது நூறு தடவ பேட் பிடிக்கப் போனா ஜட்ஜ் கிட்டத்தட்ட 46 தடவ அவுட் ஆகாம பேஸ்ல நிக்கிறாரு, ராலி 36 தடவ. நூத்துக்குப் பத்து வித்தியாசம்னா சின்னதாத் தெரியும், ஆனா ரெண்டு பேரும் 700 பக்கம் தடவ பேட் பிடிச்சிருக்காங்க, சீசன் முழுக்க போட்டுப் பாத்தா ராலி ஏறக்குறைய 80 அவுட் கூடுதலா செலவு பண்ணியிருக்காரு. 27ஆல வகுத்துப் பாருங்க, மூணு முழு மேட்சோட அவுட்டு! அந்த ஏழு ஹோம் ரன் கூட அடிச்சதுக்கு குடுத்த விலை இது. போதாததுக்கு ஜட்ஜ் 53 ஹோம் ரன்னும் அடிச்சு, 0.331 சராசரியோட (ஹிட் அடிச்ச விகிதம்) லீகோட பேட்டிங் பட்டத்தையும் வாங்கியிருக்காரு. ராலியோட சராசரி 0.247. ஹோம் ரன்ன மட்டும் எண்ணுறவங்க கண்ணுக்கு இதெல்லாம் படாது, ஏன்னா அவுட் ஆகாம நடந்து முதல் பேஸுக்குப் போறதுக்கு யாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுறது கிடையாது.

கே: அப்படி போடுங்க சார்! கேட்சர் கேட்சர்னு சொல்லியே இந்த சியாட்டில்காரங்க உயிர எடுக்குறாங்க. கேட்சர்னா என்ன பெரிய கொம்பா? எல்லாரும்தான் ஃபீல்டிங் பண்றாங்க. (எடிசன், நியூஜெர்சி வாசகர்)

ப: கொம்புதாங்க. ஜட்ஜுக்கு ஓட்டுன்னு சொன்னதுக்காக உங்க பக்கம் வந்துட்டேன்னு நினைச்சுக்காதீங்க, ராலிக்கு இருக்கிற உண்மையான வாதமே இதுதான், 60 ஹோம் ரன் இல்ல. கொடுமை என்னன்னா ராலி ரசிகர்களே இத சரியா எடுத்து வைக்க மாட்டேங்கிறாங்க.

நம்ம விக்கெட் கீப்பர 162 மேட்ச் சீசன்ல வாரத்துக்கு அஞ்சாறு நாள் நிறுத்தி, ஸ்டம்ப ஒட்டி உக்கார வச்சு, எதிர்ல எல்லாருமே வேகப் பந்துக்காரங்கன்னு வச்சுக்கோங்க, அப்ப ஓரளவு புரியும். ஒரு மேட்ச்ல 140, 150 பந்து வருது, ஒவ்வொண்ணுக்கும் குந்தி எந்திரிக்கணும். பேட்டோட ஓரத்துல உரசி திசை மாறுற பந்து முகமூடில அடிக்கும், தோள்ல அடிக்கும், தொடையில அடிக்கும், தடவி விட்டுட்டு மறுபடி குந்தணும். அடுத்த பந்து என்ன பந்துன்னு பந்து எறியுற பிட்சரோட சேந்து முடிவு பண்ணணும், இவனுக்கு உள்ள போடலாமா வெளிய போடலாமான்னு எதிர் டீம்ல ஒவ்வொருத்தனோட பலவீனத்தையும் மண்டையில வச்சிருக்கணும். பேஸ்ல நிக்கிறவன் அடுத்த பேஸ திருட ஓடினா உக்காந்த எடத்துலேர்ந்து எந்திரிச்சு ரெண்டாவது பேஸுக்கு எறியணும். இதெல்லாம் பண்ணிட்டு பேட்டயும் எடுத்துட்டு வந்து நிக்கணும்.

அதுல ஒரு நுணுக்கம் இருக்கு, ஃப்ரேமிங்னு சொல்வாங்க. ஸ்ட்ரைக் ஸோன், அதாவது சரியான பந்துன்னு கணக்காகுற எல்லையோட விளிம்புல, அதுவும் கீழ் விளிம்புல, ஒரு இன்ச் வெளிய வர்ற பந்த கேட்சர் சும்மா பிடிக்க மாட்டாரு. கையுறைய முன்னாடியே தாழ்த்தி வச்சுட்டு, பந்து வர்ற நேரத்துல கீழேர்ந்து மேல கொண்டு போற மாதிரி பிடிப்பாரு, பந்து உள்ளதான் வந்துச்சுன்னு பின்னாடி நிக்கிற அம்பயருக்குத் தோணணும். கை வெடுக்குனு நகர்ந்தா காரியம் கெட்டுச்சு, அம்பயர் உஷாராயிருவாரு. ஒரு மேட்சுக்கு இப்படி ஒண்ணு ரெண்டு பந்து ஸ்ட்ரைக்கா மாறினாக்கூட சீசன் முடிவுல அது ரன் கணக்குல வந்து நிக்கும். ராலி இதுல கெட்டிக்காரரு, 2024ல லீகோட சிறந்த ஃபீல்டருக்கான பிளாட்டினம் கிளவ் விருதே வாங்கினவரு. (2026லேர்ந்து அம்பயர் சொன்னத எதுத்து மிஷின்கிட்ட அப்பீல் பண்ற முறை வருது, டீமுக்கு ரெண்டு வாய்ப்பு. அதுக்கப்புறம் இந்தக் கையுறை வித்தைக்கு மவுசு கொறயும்னு நினைக்கிறேன்.)

ஜட்ஜ் பக்கம் என்ன? ரைட் ஃபீல்ட்ல நல்ல ஃபீல்டர்தான். ஆனா ஜூலை கடைசில முழங்கையில தசைப் பிடிப்பு, பத்து நாள் வெளிய உக்காந்தாரு, திரும்பி வந்தும் ஒரு மாசம் எறிய முடியாம வெறும் பேட்டரா மட்டும்தான் ஆடினாரு. ராலி 159 மேட்ச், சில மேட்ச் அவரும் வெறும் பேட்டராத்தான் ஆடினாரு, ஆனாலும் கேட்சருக்கு 159ங்கிறது பைத்தியக்காரத்தனமான எண்ணிக்கை. அதனால ராலிக்கு ஓட்டுப் போட்ட அந்த 13 பேரையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். என் கணக்குல ஜட்ஜோட பேட்டு அந்த இடைவெளிய அடைச்சும் மிச்சம் வைக்குது, அவ்ளோதான்.

கே: கிரிக்கெட்ல மேன் ஆஃப் த சீரிஸ் குடுத்தா ஃபைனல்ல அன்னிக்கே குடுத்து முடிச்சிடுறாங்க. இதுக்கு ஏன் நவம்பர் வரைக்கும் இழுக்குறாங்க? புள்ளி எப்படி போடுறாங்க? (மதுரை வாசகர்)

ப: ஓட்டு என்னவோ வழக்கமான சீசன் முடிஞ்சதும், பிளேஆஃப்ங்கிற நாக் அவுட் சுற்று ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டு முடிச்சுடுறாங்க, பொட்டியத் திறக்குறதுதான் நவம்பர்ல. ஒவ்வொருத்தரும் பத்துப் பேர வரிசையா எழுதணும். முதலிடத்துக்கு 14 புள்ளி, ரெண்டாவதுக்கு 9, அப்புறம் 8, 7ன்னு எறங்கி பத்தாவதுக்கு 1. முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல அஞ்சு புள்ளி பள்ளம் இருக்கு பாருங்க, அத வேணும்னேதான் வச்சிருக்காங்க. 1931லேர்ந்து இந்தச் சங்கம்தான் விருத நடத்துது. ஓட்டுச் சீட்டோட ஒரு குறிப்பு வரும், எம்.வி.பி.ன்னா இதுதான்னு தெளிவான வரையறை கிடையாது, ஓட்டுப் போடுறவரே முடிவு பண்ணிக்கணும்னு. எல்லா சண்டைக்கும் மூலம் அந்த ஒரு வரிதான், அத எடுத்துட்டா நமக்கெல்லாம் பேச என்ன இருக்கும்?

கே: வணக்கம் அண்ணை. எங்கட விளாடிமிர் குரேரோ ஜூனியர் பிளேஓஃபில அந்த அடி அடிச்சவர், யாங்கீஸையும் சியாட்டிலையும் வீட்ட அனுப்பினவர். எம்.வி.பி. கதையில அவற்ற பேரை ஒருத்தரும் எடுக்கேல்ல. இது என்ன நியாயம்? (ஸ்காபரோ வாசகர்)

ப: மேல மதுரைக்காரருக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். குரேரோ ஆட்டம் காட்டின அக்டோபர்ல ஓட்டு ஏற்கனவே பொட்டிக்குள்ள போயிடுச்சு. சீசன்ல அவரு அடிச்சது 23 ஹோம் ரன், நல்ல ஆட்டம்தான், ஆனா ஜட்ஜ், ராலி வரிசையில வைக்க முடியாது. பிளேஆஃபுக்குன்னு தனி விருது இருக்கு, சியாட்டில ஜெயிச்ச அந்த சீரிஸோட எம்.வி.பி. அவரேதான். வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது மேட்ச் 11 இன்னிங்ஸ் வரைக்கும் போயி டாட்ஜர்ஸ்கிட்ட 5-4ன்னு தோத்த அன்னிக்கு உங்க ஊரு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாக்கவே கஷ்டமா இருக்கு. அதுல எம்.வி.பி. டாட்ஜர்ஸோட யமமோட்டோ. அக்டோபரையும் சேத்து ஓட்டுப் போடணும்னு நெறய பேரு கேக்குறாங்க, எனக்கு அதுல உடன்பாடில்ல. 162 மேட்ச் ஆடினவனோட கணக்க இருபது மேட்ச் வந்து கவுத்துரக் கூடாது.

கே: டீம் தோத்தா அவன் எப்படி சார் எம்.வி.பி.? ஆளே இல்லாட்டியும் அந்த டீம் கடைசிலதான வரப் போகுது? (கோவை வாசகர்)

ப: இது ரொம்பப் பழைய வாதம், கேக்க நல்லாத்தான் இருக்கும். 1987ல ஆண்ட்ரே டாசன் 49 ஹோம் ரன் அடிச்சாரு, அவரோட சிகாகோ கப்ஸ் டிவிஷன்ல கடைசி இடம், விருது அவருக்குத்தான். ஷோஹே ஒடானி 2021லயும் 2023லயும் ஒருமனதா வாங்கினாரு, அந்த ரெண்டு வருஷமும் ஏஞ்சல்ஸ் பாதி மேட்சுக்கு மேல தோத்த டீம். ஓட்டுச் சீட்டுலயே எழுதியிருக்கு, பிளேஆஃபுக்குப் போன டீம்லேர்ந்துதான் வரணும்னு இல்லைன்னு.

ஆனா சில வருஷம் இத வச்சே ஒருத்தன கவுத்திருக்காங்க. 2012ல மிகுவெல் கப்ரேரா ட்ரிபிள் கிரவுன் அடிச்சாரு. சராசரி 0.330, ஹோம் ரன் 44, உள்ள கொண்டு வந்த ரன் 139, மூணுலயும் லீக்ல முதல், 1967ல கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்கு அப்புறம் யாரும் செய்யாதது. எதிர்ல மைக் ட்ரவுட்டுன்னு ஒரு புதுப் பையன், 0.326, 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு, சென்டர் ஃபீல்ட்ல சுவரு மேல ஏறி அடுத்தவன் ஹோம் ரன்ன பிடுங்கிட்டு வருவான். கப்ரேராவோட டைகர்ஸ் பிளேஆஃப் போச்சு, ட்ரவுட்டோட ஏஞ்சல்ஸ் போகல, அதனால கப்ரேராதான்னு பல பேரு எழுதினாங்க. வேடிக்கை என்னன்னா டைகர்ஸ் ஜெயிச்சது 88, ஏஞ்சல்ஸ் ஜெயிச்சது 89! சுமாரான டிவிஷன்ல இருந்ததால டைகர்ஸ் உள்ள போச்சு, அதுக்கு ட்ரவுட் என்ன பண்ணுவான்? முதலிட ஓட்டு 22க்கு 6. எனக்கு ஓட்டு இருந்திருந்தா ட்ரவுட்டுக்குத்தான் போட்டிருப்பேன். 2025லயும் இதே கதைதான், மேரினர்ஸ் டிவிஷன ஜெயிச்சுதுன்னு ராலிக்குக் கொடி பிடிக்கிறாங்க, மேரினர்ஸ் ஜெயிச்சது 90, யாங்கீஸ் 94.

கே: வார் வார்னு எல்லாரும் ஒரு நம்பர் சொல்றாங்களே, அது என்ன? (திருச்சி வாசகர்)

ப: அந்த ஆட்டக்காரருக்குப் பதிலா சம்பளம் கம்மியா வாங்குற சுமாரான ஒருத்தர நிறுத்தினா டீம் எத்தன மேட்ச் கூடத் தோத்திருக்கும்னு பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங், ஆடுற எடம் எல்லாத்தையும் சேத்துப் போடுற கணக்கு. ஒரே கணக்கு கிடையாது, ரெண்டு தளம் ரெண்டு விதமா போடுது. ஃபேன்கிராஃப்ஸ் கணக்குல ஜட்ஜ் 10.1, ராலி 9.1. பேஸ்பால் ரெஃபரன்ஸ் கணக்குல ஜட்ஜ் 9.7, ராலி 7.4. மேல சொன்ன ஃப்ரேமிங்க ஃபேன்கிராஃப்ஸ் சேக்குது, மத்தது சேக்கல, அதான் ராலிக்கு இவ்ளோ எறக்கம். ஃப்ரேமிங்க சேத்தும் ஜட்ஜ் மேல இருக்காருங்கிறத கவனிங்க. அதுக்காக 10.1 பெருசு 9.1 சிறுசு கணக்கு முடிஞ்சுதுன்னு சொல்றவங்களையும் எனக்குப் பிடிக்காது, ஃபீல்டிங்க அளக்குறதுல அவ்ளோ துல்லியம் இன்னும் வரல, ஒரு புள்ளி முன்ன பின்ன இருக்கும்.

கே: இன்னொரு லீகான நேஷனல் லீக்ல வருஷா வருஷம் ஒடானிக்கே குடுக்குறாங்களே, போரடிக்கலயா? (டல்லாஸ் வாசகர்)

ப: அடிக்குது. அதுக்கு அவர் என்ன செய்வாரு? 2025ல 55 ஹோம் ரன், ஆபரேஷனுக்கு அப்புறம் ஜூன்லேர்ந்து பந்தும் எறிஞ்சாரு. நாலு எம்.வி.பி., நாலும் ஒருமனதா, வேற யாருக்கும் ரெண்டு தடவ கூட ஒருமனதா கிடைச்சதில்ல. பாரி பாண்ட்ஸோட ஏழுதான் இன்னும் மேல இருக்கு. 2024 பத்தி கேட்டிருந்தா கொஞ்சம் பேசலாம், அந்த வருஷம் ஒடானி ஃபீல்டிங்கே பண்ணல, பந்தும் எறியல, வெறும் பேட்டிங். அப்படி ஆடுற ஒருத்தருக்கு அதுக்கு முன்னாடி யாரும் குடுத்ததில்ல. 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டுன்னு அடிச்சா யாரால என்ன சொல்ல முடியும்.

கே: இந்த விருது வரலாற்றுலயே பெரிய அநியாயம் எது? (சிங்கப்பூர் வாசகர்)

ப: டெட் வில்லியம்ஸ்னு கேட்டா நூத்துக்குத் தொண்ணூறு பேரு சொல்வாங்க. 1941ல 0.406 சராசரி அடிச்சாரு, அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் இந்த ரெண்டு லீக்லயும் யாரும் 0.400 தொட்டதில்ல, விருது 56 மேட்ச் தொடர்ந்து ஹிட் அடிச்ச ஜோ டிமாஜியோவுக்குப் போச்சு. சரி, அதுக்காவது ஒரு நியாயம் உண்டு. அடுத்த வருஷம் ட்ரிபிள் கிரவுனே அடிச்சாரு, யாங்கீஸோட ஜோ கார்டனுக்குக் குடுத்தாங்க. 1947ல மறுபடி ட்ரிபிள் கிரவுன், மறுபடி டிமாஜியோ, 202க்கு 201, ஒரே ஒரு புள்ளி. பத்திரிகைக்காரங்களோட அவருக்கு ஒத்தே வராது, ஓட்டுப் போடுறதும் அவங்களேதான், மிச்சத்த நீங்களே யோசிச்சுக்கோங்க.

எனக்கு ஆனா 1999தான் அதிகம் உறுத்துது. பெட்ரோ மார்ட்டினெஸ் அந்த வருஷம் எறிஞ்ச மாதிரி ஒருத்தன் எறிஞ்சு பாக்குறது அபூர்வம். முதலிட ஓட்டு அவருக்குத்தான் அதிகம், எட்டு, இவான் ரோட்ரிகஸுக்கு ஏழு. ஆனா ரெண்டு பேரு பிட்சருக்கெல்லாம் இந்த விருது கிடையாதுன்னு பெட்ரோ பேர பத்துலயே எழுதல, மொத்தத்துல 252க்கு 239ன்னு ரோட்ரிகஸ் வாங்கிட்டாரு. பிட்சருக்குக் குடுக்கக் கூடாதுன்னு விதியே கிடையாது, அப்புறம் 2011ல ஜஸ்டின் வெர்லாண்டருக்கும் 2014ல கிளேட்டன் கெர்ஷாவுக்கும் குடுத்தாங்கல்ல? உங்களுக்குப் பிடிக்கலேன்னா அஞ்சாவது எழுதுங்க, எட்டாவது எழுதுங்க, எழுதவே மாட்டேன்னா ஓட்ட வேற யாருக்காவது குடுத்துருங்க.

கே: எல்லாத்தையும் குறை சொல்றீங்களே, 2025 சீட்டு உங்க கையில இருந்தா எப்படி எழுதுவீங்க? மழுப்பாம சொல்லணும். (பெல்வியூ, இன்னொரு வாசகர்)

ப: ஜட்ஜ், ராலி. மூணாவது டைகர்ஸோட டாரிக் ஸ்கூபல், பிட்சர்தான், ஒம்போது இன்னிங்ஸுக்கு விட்டுக் குடுத்த ரன் சராசரி 2.21, 241 பேர ஸ்ட்ரைக் அவுட் பண்ணியிருக்காரு, அவர எழுத்தாளர்கள் அஞ்சாவதா வச்சது எனக்கு ஒத்துக்கல. நாலு பாபி விட் ஜூனியர், அஞ்சு ஹோசே ராமிரெஸ். ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் எழுதினா பெல்வியூலேர்ந்து இன்னும் அஞ்சு கடிதம் வரும், வேணாம். ராலிக்கு இந்த வருஷம் கிடைச்சா அப்ப திட்டி எழுதப் போறது எடிசன்காரரு.